தூணுக்குப் பின்னால் ஒரு பூசணிக்காய்

இன்று எங்கள் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. அவரவர் நிலத்தில் விளைந்ததைப் பீடத்தின் முன் படைப்பது வழக்கம்.

ஐப்பசி மழையில் அழுகவிடாமல் காப்பாற்றிய என் கொல்லைப் பூசணிக்காயை நானும் கொண்டுபோய் வைத்தேன். ஆராதனை தொடங்கி முதல் பாட்டுக்கு எழுந்தால், அது தூணுக்குப் பின்னால் கிடக்கிறது.

நகர்த்தியவர் சபைச் செயலாளரின் மனைவி. பாட்டு முடிந்ததும் போய்க் கேட்டேன்.

“போட்டோவுல நல்லா இருக்காதுக்கா. மண்ணும் சேறுமா கொண்டாந்திருக்கீக.”

“மண்ணுல வெளஞ்சது வேற எப்புடி இருக்கும்?”

“கோயில்ல வந்து சண்டை போடாதீக.”

சிரித்துக்கொண்டே தன் ஆப்பிள் தட்டைப் பீடத்தின் நடுவில் வைத்தார். ஒவ்வொரு ஆப்பிளிலும் நியூசிலாந்து ஸ்டிக்கர். அதைக்கூட உரிக்கவில்லை.

அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் போதகர், சொந்த நிலத்தின் முதல் விளைச்சலைக் கடவுளுக்குக் கொடுக்கும் முதற்பலனைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார்.

பிறகு அன்பின் விருந்து. அதே அம்மாள் என்னிடம் வந்து, “வெங்காயப் பச்சடிக்கு ஆள் பத்தலக்கா, செத்த வாரீகளா? ஐக்கியம்னா எல்லாரும் சேந்து செய்யணும்ல” என்றார். நான் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர்கள் நிலம் சாக்கோட்டைப் பக்கம் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். நியூசிலாந்திலாம்.

உங்கள் சபையில் யாருக்கெல்லாம் எந்தெந்த நாட்டில் விளைச்சல்?