கழற்றிய மாலை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பழனிப் பாதயாத்திரைக்கு மாலை போட்டுவிட்டால் வீட்டில் என் குரலே உயராது. எட்டு வயது மகளைக்கூட ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவேன்.

இந்த வருஷம் நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு, காரைக்குடிக்குத் திரும்பி மாலையைக் கழற்றி முருகன் படத்தில் மாட்டினேன். மறுநாள் காலையில் மகள் என் சட்டையில் பாலைக் கொட்டிவிட்டாள். “சனியனே!” என்று கையை ஓங்கினேன்.

அவள் அம்மாவிடம் ஓடவில்லை. பூஜை அறைக்கு ஓடி, முக்காலியில் ஏறி, அந்த மாலையை எடுத்துவந்து நீட்டினாள்.

“இதப் போட்டுக்கங்கப்பா. போட்டிருந்தா அடிக்க மாட்டீகள்ல?”

முருகனுக்காக அத்தனை நாள் அடங்கியிருந்தவன், பெற்ற பிள்ளைக்காக ஒரு நாள்கூட அடங்கவில்லையே!

அதன்பிறகு நான் கை ஓங்கியதில்லை. ஆனாலும் நான் கூப்பிட்டால், அவள் இன்றும் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, கழுத்தைத்தான்.