எப்படியும் போகிறவள்

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததால்தானே பீஜியை விட்டு வந்தாய் என்று ஆக்லாந்தில் எல்லோரும் கேட்கிறார்கள். மண்ணாங்கட்டி! நான் ஓர் அதிகாரியால் வந்தேன்.

பா என்ற ஊரில், கரும்புக்காட்டு வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். ஆட்சி கவிழ்ந்த வாரம், சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் என் பையைத் தலைகீழாகக் கொட்டினான். புண்ணுக்குக் கட்டும் சுத்தமான துணியெல்லாம் புழுதியில் கிடந்தது. அழுதுகொண்டே திரும்பி வந்து, இனிமேல் போகமாட்டேன் என்று மேட்ரனிடம் சொன்னேன். அந்த அம்மாள் பீஜியின் பூர்வகுடி, அந்தச் சிப்பாயின் இனம். மறுநாள் காலை எனக்கு முன்பே வண்டியில் ஏறி, என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாவடியில் அதே சிப்பாய். மேட்ரன் இறங்கி, எந்த ஊர், உன் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று அவர்கள் பாஷையில் விசாரித்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நாங்கள் போனது ஒரு கிழவர் வீட்டுக்கு. பிள்ளைகள் கனடாவில், இவர் தனியாள். சர்க்கரையால் காலில் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றாவிட்டால் கால் போய்விடும். மேட்ரன் இரண்டு மாதம் கூடவே வந்தார். புண் பாதி ஆறிவிட்டது. அண்ணன் அனுப்பிய நியூசிலாந்துக் குடியேற்ற விண்ணப்பத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டவள், அதை மறந்தே போனேன்.

பிறகு மேட்ரனை மாற்றினார்கள். அந்த இடத்துக்கு வந்த அதிகாரி நம்ம ஆள், என்னைப் போல இந்திய வம்சாவளி. நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. வண்டி கேட்டேன்.

"நீங்கள்லாம் எப்படியும் நாட்டை விட்டுப் போற ஆளுங்க. உங்களுக்கு எதுக்கு வண்டி?" என்றார் இந்தியில். அவருடைய இரண்டு மகள்களும் அப்போதே சிட்னியில் இருந்தார்கள்!

நடந்தே போனேன். தாமதமாகத் திரும்பி வந்ததாக எழுதி வைத்தார். மூன்றாம் முறை எழுதிய அன்று வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி, விண்ணப்பத்தை எடுத்தேன்.

கடைசி நாள் கிழவர், "நாளன்னிக்கு யாரும்மா வருவா?" என்று கேட்டார். அதையே போய் அதிகாரியிடம் கேட்டேன். என் ராஜினாமாவைத் தட்டிக் காட்டி, "நான் அப்பவே சொல்லலே?" என்று சிரித்தார்.

யாரும் போகவில்லை. கிழவரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதினார். அந்த ஆளை இன்றைக்கும் வாய் வலிக்கத் திட்டுகிறேன். அவர் சொன்னபடியே போனவள் நான்தான் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன்.