மேற்கு ஜன்னலில் நான்கு ஆணிகள்

“ஏளா, நாலு எழுத்து படிச்சிட்டா செத்தவனுவ உன்னக் கண்டு பயந்துருவானுவளோ?”

நாங்கள் குடிவந்த அன்று பக்கத்து வீட்டுச் செல்வி மதினி கேட்டது. மேற்கு ஜன்னலைத் திறக்கலாம் என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் குடியிருப்பு நிற்கும் இடத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரி இருந்தது. மேற்கே பிணவறையாம். அதனால் எங்கள் வரிசையில் எல்லாரும் அந்த ஜன்னலை ஆணியடித்து, வேப்பிலை செருகிவிடுவார்கள். கடற்காற்று வாசலோடு நின்றுவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் உண்டு. இருந்தும் அன்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் பயம்தான்.

குடிவந்த நான்காம் ஆண்டு, மாலையானால் காய்ச்சல் வந்தது. பிறகு இருமல். ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம். அம்மா வேப்பிலையை மாற்றி, இரண்டாக இருந்த ஆணியை நான்காக்கினாள்.

“காசநோய்” (நுரையீரலை அரிக்கும் கிருமித்தொற்று) என்றார் டாக்டரம்மா. “ஆறு மாசம் மாத்திரை. வீட்டுல வேற யாருக்கு இருமல்?”

“அம்மாவுக்கு. உப்பளத் தூசி, ரொம்ப வருசமா.”

“ஜன்னல்?”

“ரெண்டு. ஒண்ணு அடைச்சிருக்கு.”

“ஏன்?”

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“இந்தக் கிருமி அடைச்ச காத்துலதான் தங்கும். திறந்து வைங்க. அம்மாவக் கூட்டிட்டு வாங்க.”

எங்கள் ரேஷன் கடை அந்தப் பழைய ராணுவ ஆஸ்பத்திரியின் மிச்சம். ஒரே சுவரில் ஆறு ஜன்னல்கள், ஆள் உயரத்துக்கு. வரிசையில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எதற்கென்று அன்றுதான் தோன்றியது.

அம்மா வர மறுத்தாள். “பதினஞ்சு வருசமா இருமுதேன். செத்தா போயிட்டேன்?”

மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். புதிதாகத் தொடங்குபவர்கள் பயப்பட வேண்டாம். இரண்டு மாதத்தில் காய்ச்சல் நின்றது, எடை ஏறியது. ஆனால் இப்போது மூச்சு தானாக நடப்பதில்லை. ஒவ்வொன்றையும் கவனிக்கிறேன். அடுத்த அறையில் அம்மாவின் மூச்சையும். இரண்டு இருமலுக்கு நடுவே உள்ள நேரம்தான் எனக்கு நேரம்.

போன ஞாயிறு ஆணிகளைப் பிடுங்கினேன். ஜன்னல் திறந்ததும் வெறும் வெயில், முள்வேலி, காயப்போட்ட துணி. அம்மா எட்டிப் பார்த்தாள்.

“வேப்பில அங்கனயே இருக்கட்டும்,” என்றாள்.

“இருக்கட்டும். நீ சளிய இந்த டப்பாவுல துப்பு.”

இன்று காலை அம்மா துப்பிக் கொடுத்ததும் அதை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டேன். மூடியில் அம்மாவின் பெயரை நான்தான் எழுதினேன்.