நான் நிறுத்தச் சொன்ன சோறு

போன வருடம் மாம்பழ சீசன். மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டில் நடந்தது இது. பக்கத்து வீட்டுக்காரர் என் கம்பெனிக்காரர்தான், விருதுநகர்ப் பக்கத்து ஆள். மூளையில் கட்டி. பெங்களூரில் ஆபரேஷன் முடிந்து, மாதாமாதம் புற்றுநோய் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கட்டியைச் சோதித்த ரிப்போர்ட்டை அது என்னிடம் காட்டியது. செல்லுக்குள் ஏதோ ஒரு என்சைம் மாறியிருக்கிறதாம். நான் மெயின்டனன்ஸ் ஆள், படிப்பு பத்தாவதுதான். ஆனால் வாய்க்குக் குறைச்சல் இல்லை. செல்போனில் நாலு வீடியோ பார்த்தேன். சர்க்கரையை எரிக்கிற வேலையில் அந்த என்சைமுக்குப் பங்கு உண்டு என்பது மட்டும் புரிந்தது. சப்ளையை நிறுத்தினால் மெஷின் நிற்கும், அவ்வளவுதானே!

"எரியறதப் புடுங்குனா கொதிக்கறது அடங்கிரும், தங்கச்சி. சோறு, வெல்லம், பழம் அத்தனையும் நிறுத்து. கட்டி பட்டினியில காஞ்சிரும்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிண்ணே."

அவருக்கோ மாம்பழம் என்றால் உயிர். வாசலில் நாங்கள் தின்னும்போது, "கொட்டையவாச்சும் சப்பக் குடுங்கய்யா" என்று சிரிப்பார். கூடையை உள்ளே தூக்கிப் போகச் சொன்னவன் நான்தான்.

ஐந்து வாரத்தில் சட்டை தோளில் நிற்கவில்லை. செக்கப்புக்கு நானும் துணைக்குப் போனேன். எடையைப் பார்த்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்ளோ வீக்கா இருந்தா இந்த மாசம் மாத்திரை குடுக்க முடியாது. சோத்த நிறுத்தினா கட்டி நிக்காதும்மா. உடம்பு தன் சதையக் கரைச்சு சர்க்கரை பண்ணும், கட்டி அதையும் எடுத்துக்கும். யாரு சொன்னா இப்படிச் செய்யச் சொல்லி?"

தங்கச்சி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நானாத்தான் சார் நிறுத்துனேன்."

அத்தனை திட்டையும் அதுவே வாங்கிக்கொண்டது. நான் ரிப்போர்ட் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

வெளியே டீக்கடையில் நின்றோம். தங்கச்சி வீட்டுக்காரர் கடைக்காரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அண்ணே, சீனி போடச் சொல்லட்டுமா?"

அடுத்த மாதமே எடை ஏறி மாத்திரை மறுபடி தொடங்கிவிட்டது. ஆனாலும், அத்தனைக்கும் பிறகு அவர் என்னிடமே உத்தரவு கேட்டு நின்றதை நினைத்தால், இன்றைக்கும் அவர் வீட்டு வாசலைத் தலை குனிந்துதான் தாண்டுகிறேன்.