நானாவின் பச்சை முடிச்சு

எங்கள் வீட்டில் உல்லாசப் பயணம் என்ற பேச்சே கிடையாது. கடையைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றுகிறவன் உருப்பட மாட்டான் என்பது வாப்பாவின் கட்சி. சைகோன் கம்யூனிஸ்டுகளின் கைக்கு மாறிய பிறகு அவருடைய துணிக்கடையை அரசாங்கமே பூட்டிவிட்டது. அதன் பின் வாப்பாவுக்கு ஓய்வுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் சிரிப்புக்குத்தான் பஞ்சம். அப்படிப்பட்ட நாளில், தங்கச்சியை ஏரிக்குக் கூட்டிப்போய் மறுநாள் கொண்டுவந்து விடுகிறேன் என்று நானா, அதாவது என் அண்ணன், கேட்டபோது வாப்பா மறுபேச்சில்லாமல் தலையாட்டியது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

காரணம் இருந்தது, எனக்கு மட்டும் சொல்லவில்லை. வாப்பா காரைக்கால்காரர், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர். அதில் உம்மாவையும் என்னையும் சேர்த்துவிட்டார்கள். உம்மா வியட்நாமியப் பெண். வாப்பாவைக் கட்டி இஸ்லாத்துக்கு வந்தபோது இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்தார். அந்தப் பிள்ளைதான் நானா. வாப்பா அவரை ஒருநாளும் வேற்றாளாக நடத்தியதில்லை. ஆனால் அரசாங்கக் கணக்கில் அவர் இன்னொருவர் மகன், பட்டாளத்துக்குப் போகும் வயதை எட்டியவர். எங்கள் மூவருக்கும் இந்தியாவுக்குப் போகும் விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது. நானா பின்னால் வருவார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். முடி வெட்டிக்கொள்ளப் போனவர் திரும்பி வருவதுபோல வந்துவிடுவார் என்று நானும் இருந்தேன்.

ஏரிக்குக் கிளம்பும் காலையில் உம்மா ஒரு காசைப் பச்சைத் துணியில் முடிந்து, நாகூர் எஜமானை நினைத்து நானாவின் கையில் கட்டினார். தூரப் பயணம் போகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தார் அப்படி நேர்ந்து கட்டுவது வழக்கம். போய்ச் சேர்ந்ததும் காசை தர்கா உண்டியலில் போட வேண்டும்.

"போறவங்களுக்குத்தான் நேர்ச்சை கட்டுறது" என்றார் வாப்பா. "இருக்கிறவனுக்கு யாராச்சும் கட்டுவாங்களா?"

உம்மா முடிச்சை இன்னும் இறுக்கினார். ஏரிக்குப் போவது நானும்தானே, எனக்கு ஏன் கட்டவில்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நானாவின் கூட்டாளிகள் இருவர் உடன் வந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பேருந்துக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிய காலம். சைகோனை அடுத்த தூ டுக் தாண்டுவதற்குள் எங்கள் முகமெல்லாம் கரி. ஏரியும் என்னை ஏமாற்றிவிட்டது. ஒரு காலத்தில் பணக்காரர்கள் வந்து தங்கிய விடுதிகளில் சன்னல் கதவுகள்கூட இல்லை. படகுகளைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். தப்பித்துப் போக அந்த ஏரிக்கு அக்கரையில் கடல் ஒன்றும் இல்லை; ஆனாலும் பிணைத்திருந்தார்கள்.

மத்தியானம் கூட்டாளிகள் பன்றி இறைச்சியைச் சுட்டார்கள். எங்களுக்காக வாடை வராத பக்கமாகத் தள்ளிப்போய் உட்கார்ந்துதான் தின்றார்கள். நானும் நானாவும் உம்மா பொரித்துக் கொடுத்த மீனைப் பிய்த்துத் தின்றோம். அவர் தன் பங்கின் நடுத்துண்டை என் பக்கம் தள்ளினார். பிறகு எனக்கு நீச்சல் சொல்லித் தருகிறேன் என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பொழுது சாயும்வரை என்னைக் கையில் ஏந்திக்கொண்டே நின்றார். நான் நீச்சல் கற்கவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.

இருட்டியதும் மழை. பாழடைந்த சாப்பாட்டுக் கடைக் கொட்டகையில் தூளிகளைக் கட்டிப் படுத்தோம். நெட்டை, எல்லைச் சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள், நம் மூவரையும் ஒரே பிரிவில் போட்டால் நல்லது என்றார். குட்டை சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்தே இருக்கப் போகிறார்கள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

நானா என் தூளிக்குப் பக்கத்தில் வந்து, தன் கையிலிருந்த முடிச்சை அவிழ்த்து என் கையில் கட்டினார்.

"இது உங்களுக்கு உம்மா கட்டுனது நானா."

"என் கையில இருந்தா சும்மாதான் கெடக்கும். ஒன் கையில இருந்தா நாகூருக்காச்சும் போய்ச் சேரும்ல. மறக்காம உண்டியல்ல போட்டுடு."

காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது பலித்துவிட்டது என்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

வீடு திரும்பியதும் உம்மா என் கையிலிருந்த முடிச்சைத் தடவிப் பார்த்தார். விமானத்துக்குப் புறப்பட்ட அன்று வாப்பா முறைப்படி எங்கள் மூவருக்கும் தனித்தனியே காசு கட்டினார். என் கையில் மட்டும் இரண்டு முடிச்சு. வாசலில் நின்று கையசைத்த நானாவிடம் இரண்டையும் உயர்த்திக் காட்டினேன்.

காரைக்கால் வந்து சேர்ந்த கையோடு நாகூருக்குப் போனோம். வாப்பா தன் காசையும் உம்மா காசையும் போட்டார். என் கையில் தான் கட்டிய முடிச்சை அவிழ்த்துப் போட்டார். நானா கட்டியதில் கை வைத்தபோது உம்மா பாய்ந்து வந்து என் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வளையல் உடைந்து குத்தியது. வாப்பா அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் வரல" என்றார் உம்மா, தன் குறைத் தமிழில். "இன்னும் வரல."

உம்மாவுக்கு வழி தெரியவில்லை, இதுதான் நாகூர் என்பது புரியவில்லை என்று நினைத்தேன். பிடித்த கையை உதறி உதறி, நானா போடச் சொன்னாங்க, நாமதான் வந்துட்டோமே என்று அத்தனை பேர் நடுவில் கத்திக்கொண்டே இருந்தேன்.