சிவப்புக் காருக்கு ஒரு மெல்பேர்ண் சட்டம்

சென்ற ஆண்டு மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் கீழ் என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: “ஜி2 பாஸ். காலையில் மழை, பிறகு வெயில். வீடு வரும்வரை நானே ஓட்டினேன். இவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை விடவேயில்லை.”

ஜி2 என்பது இங்கே ஒன்ராறியோவில் புதிய சாரதிகளுக்குக் கிடைக்கும் இரண்டாம் படி அனுமதிப்பத்திரம். பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியே ஓட்டலாம். எனக்கு அது கிடைத்தபோது வயது நாற்பத்தாறு. அதுவரை ஸ்காபரோவில் இருபது வருடத்துக்கு மேல் பஸ்ஸில் திரிந்தவள். அதில் எனக்குக் குறையேதும் இருந்ததில்லை. பஸ்தான் என் வாசிகசாலை. கடைசி இரண்டு வருடங்களில் மட்டும், நூலகத்திலிருந்து எடுத்துவரும் சரித்திரப் புத்தகங்களுக்கு இடையில் கார்ச் சஞ்சிகைகளும் என் பைக்குள் ஏறிக்கொண்டன. என் கணவர் அவற்றைச் சமையல் சஞ்சிகைகள் என்று நினைத்திருந்தார்.

அந்த வெள்ளி இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தை உடைத்தேன். எனக்கு வேண்டியது இரண்டே இருக்கை உள்ள, கூரை திறந்து மூடுகிற, தரையோடு படுத்துக் கிடக்கிற சிவப்புக் கார். வீட்டில் நாங்கள் இருவர்தான், இருக்கைகளும் இரண்டு. வேறென்ன வேண்டும்? தொலைபேசியில் படத்தைக் காட்டினேன்.

“உது காரே? செருப்பு” என்றார் இவர். “உதுக்குள்ளை ஏறுறதோ, காலிலை கொழுவுறதோ?”

“ஏறுறதுதான்.”

“அரிசி மூட்டையை எங்கை வைக்கிறது?”

“உங்கடை மடியிலை.”

பகிடி முடிந்ததும் அவருடைய முகம் மாறியது. மிசிசாகாவில், விமான நிலையத்தில் பொதி ஏற்றும் பகுதியில் வேலை செய்கிறார். நாள்தோறும் நெடுஞ்சாலையில் போய் வருகிறவர். ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் கார்களைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டவர்.

“நீர் இண்டைக்குத்தான் பாஸ் பண்ணினனீர்” என்றார் மெதுவாக. “இஞ்சை ஜி2காரர் குடிச்சிட்டு ஓடக்கூடாது, பெல்ற் இல்லாமல் ஆள் ஏத்தக்கூடாது எண்டெல்லாம் இருக்கு. எவ்வளவு பவர் உள்ள கார் எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கமாட்டினம். அதுதான் எனக்குப் பயம்.”

அப்போது, சோஸ் போத்தலில் சாய்த்து வைத்திருந்த தொலைபேசியிலிருந்து ஒரு குரல் வந்தது. என் தம்பியின் மகள், எனக்கு மருமகள். மெல்பேர்ணில் இருக்கிறாள், பத்தொன்பது வயது. அவளும் அந்த மாதம்தான் அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தாள். எனக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவள் எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மாமா, எங்களுக்கு லிமிட் இருக்கு. பி-பிளேட்காரர் பவர் கூடின கார் ஓடேலாது.”

அங்கே புதிய சாரதிகள் காரின் முன்னும் பின்னும் ‘பி’ என்ற எழுத்துள்ள சிவப்புத் தகட்டை மாட்டியே ஓட்ட வேண்டுமாம். அந்தத் தகடு இருக்கும்வரை அவர்கள் ஓட்டும் காருக்கு ஓர் அளவு உண்டு. காரின் சக்தியை அதன் எடையால் வகுக்க வேண்டும். “வன் தேர்ட்டி பெர் டன், மாமா. அதுக்கு மேலை போனா நோ.” தான் ஆசைப்பட்ட இரண்டு கார்கள் அந்தக் கணக்கில் அடிபட்டுப்போன கதையை மூச்சுவிடாமல் சொன்னாள்.

இவருடைய கண்கள் அப்படி மின்னி நான் கண்டதில்லை. “அப்பிடி ஒரு நல்ல சட்டம் இருக்கேக்கை, உதை நாங்கள் ஏன் இஞ்சை போடக்கூடாது?”

போட்டோம். சிவப்புக் கார் அந்தக் கணக்கில் தேறினால் இவர் ஒரு சொல் எதிர்த்துப் பேசக்கூடாது. தேறாவிட்டால் இவர் சொல்லும் உயரமான, சாம்பல் நிற வாகனத்தை நான் வாங்க வேண்டும். மருமகள் சாட்சி. இப்படியாக ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குள் மட்டும் அவுஸ்திரேலியச் சட்டம் அமுலுக்கு வந்தது. எனக்குப் பயமே இருக்கவில்லை. கார் சிறியது, இயந்திரமும் சிறியது. அது எங்கே அளவு தாண்டப் போகிறது?

மறுநாள் சனிக்கிழமை. மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட, கடைத்தொகுதி ஒன்றின் பின்புறத்தில் பழைய கார் விற்கும் இடம். நான் படத்தில் பார்த்த கார் அங்கே நின்றது. படத்தைவிடச் சிவப்பு. விற்கும் தம்பி சாவியைத் தந்து, “ஒரு ரவுண்ட் அடிச்சிட்டு வாங்கோ அக்கா” என்றார். இவர் முழங்காலை மடித்து, முனகி, பக்கத்து இருக்கையில் இறங்கினார். ஆம், அந்தக் காரில் ஏறுவதில்லை, இறங்குவதுதான்.

கூரையைத் திறந்தேன். ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு பஸ் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இத்தனை வருடம் உள்ளே இருந்து வெளியைப் பார்த்த அதே பஸ். இப்போது அதன் சில்லு என் தோளுயரத்தில் நின்றது. பச்சை விளக்கு விழுந்ததும் காலை இலேசாக அழுத்தினேன். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, காற்று காதுக்குள் புகுந்தது, பஸ் பின்னால் போய்விட்டது. நான் சத்தமாகச் சிரித்தேன். இவர் கைப்பிடியைத் தேடினார். திறந்த கூரையில் கைப்பிடி இல்லை.

திரும்பி வந்து, காரின் முன்மூடியில் விபரத்தாளை விரித்துக் கணக்குப் போட்டேன். மெல்பேர்ண்காரருக்கு வாகனத்தின் பெயரைத் தட்டினால் விடை சொல்லும் இணையப் பக்கம் உண்டு. ஆனால் கனடாவில் விற்ற வடிவமும் அங்கே விற்ற வடிவமும் ஒன்றுதானா என்று மருமகளுக்கு நிச்சயமில்லை. கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு என்றிருந்தாள். தாளில் சக்தி 181. எடை 1,060 கிலோ, அதாவது ஒரு தொன்னுக்குச் சற்றுக் கூட. வகுத்தேன்.

நூற்றி எழுபத்தொன்று.

மறுபடி வகுத்தேன். நூற்றி எழுபத்தொன்றுதான். மருமகள் சொன்ன நூற்றிமுப்பதுக்குக் கிட்டவும் இல்லை.

இவர் கையைத் தட்டுவார், பகிடி பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். “வாரும், ஒரு கோப்பி குடிப்பம்” என்றார், அவ்வளவுதான். சொன்ன சொல் சொன்ன சொல். அதே இடத்தில் நின்ற சாம்பல் நிற வாகனத்தை வியாழக்கிழமை வந்து கையெழுத்து வைத்து எடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தோம். புறப்படும்போது விற்கும் தம்பி, சிவப்புக் காரைப் பார்க்கப் பக்கத்து நகரான மார்க்கத்திலிருந்து ஒருவர் புதன் பின்னேரம் வருகிறார் என்றார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று ஆத்திரம் வந்தது.

அடுத்த நாட்களில் நான் மறுபடி பஸ்ஸில் போனேன், மறுபடி சரித்திரம் வாசித்தேன். ஒரு பக்கமும் தலைக்குள் போகவில்லை. இவரும் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைக் குழைத்தபடி இருந்துவிட்டுப் பாதியில் எழும்புவார். வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

புதன்கிழமை மாலை வீட்டுக்குள் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“இஞ்சை பாரும். அந்தக் கணக்குப் பிழை.”

“எந்தக் கணக்கு?”

“தாளிலை கிடந்த 181 குதிரைவலு. பிள்ளை சொன்ன நூற்றிமுப்பது கிலோவாட். எங்கடை வேலையிடத்திலை பொதி இழுக்கிற ட்ரக்டரிலை ஒரு தகடு அடிச்சிருக்கு, அதிலை கிலோவாட் எண்டுதான் போட்டிருக்கு. இண்டைக்கு அதைப் பாக்கத்தான் எனக்கு மூளையிலை ஓடினது. பிள்ளையிட்டையும் கேட்டனான். ஓமாம், அங்கை கிலோவாட்தானாம்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஒரு நாட்டு அலகையும் இன்னொரு நாட்டு அளவையும் ஒரே கணக்கில் போட்டிருக்கிறேன். மருமகள் வாயால் சொன்ன இலக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, அது எதன் இலக்கம் என்று கேட்கவே இல்லை. ஒரு கிலோவாட் ஒன்றேகால் குதிரைவலுவுக்கும் கூட. 181 குதிரைவலு என்பது 135 கிலோவாட். அதை எடையால் வகுத்தேன். நூற்றி இருபத்தேழு. நூற்றிமுப்பதுக்கு மூன்று மிச்சம் வைத்துச் சிவப்புக் கார் தேறிவிட்டது.

இவரை நிமிர்ந்து பார்த்தேன். “நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா நாளைக்கு நான் கையெழுத்து வைச்சிருப்பனே.”

“நீர் தோத்தா எனக்குச் சந்தோசம்தான்” என்றார். “ஆனா பிழையான கணக்கிலை தோக்கப்படாது. எழும்பும், மார்க்கத்தான் வந்திடுவான்.”

இவருடைய வாகனத்தை நானே எடுத்தேன். மக்கோவன் வீதியில் எல்லாச் சிவப்பு விளக்கும் எனக்காகவே எரிந்தன. இவர் விற்கும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. “பறக்காதையும், பறக்காதையும்” என்றவர், அடுத்த விளக்கில் நான் மெதுவாகப் போனதும் “போம், போம், மஞ்சள்தானே” என்றார். புதிய சாரதிக்கு அப்படிச் சொல்லித்தரக் கூடாது. ஆனாலும் அன்று அவரை அவ்வளவு பிடித்தது. மஞ்சளுக்கு நான் நிற்கத்தான் செய்தேன்.

போய்ச் சேர்ந்தால் சிவப்புக் கார் நின்ற இடம் வெறுமை.

இருவரும் வாகனத்தை விட்டு இறங்காமல் இருந்தோம். அந்த வெறும் இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் இருந்து அந்தச் சத்தம் கேட்டது. நான் ஒரே ஒரு தடவை ஓட்டிய கார். ஆனாலும் சத்தம் தெரிந்தது. இருவரும் இறங்கினோம். விற்கும் தம்பி பக்கத்தில் இருக்க, மார்க்கம்காரர் ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கதவு திறந்தது. முதலில் ஒரு கால் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மற்றக் காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். முழுதாக எழும்பி நின்றபோது, அவ்வளவு உயரமான மனிதரை மில்லிக்கனில் நான் கண்டதில்லை. முழங்காலைத் தடவியபடி தலையை ஆட்டினார்.

“உதுக்குள்ளை ஒரு ஆள் இருக்கேலாது, அண்ணை” என்றார் இவரைப் பார்த்து.

“நான் அப்பவே சொன்னனான், செருப்பெண்டு” என்றார் இவர். அப்படிச் சொல்லிக்கொண்டே என் முதுகில் கைவைத்து அலுவலகப் பக்கம் தள்ளினார்.

கையெழுத்து வைத்தேன். காப்புறுதிக்காரர் சொன்ன தொகையை இங்கே எழுதப்போவதில்லை. வாசிப்பவர்களும் இரவில் தூங்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து மெல்பேர்ணிலிருந்து தட்டையான பொதி ஒன்று வந்தது. உள்ளே சிவப்புத் தகடு, நடுவில் வெள்ளையாக ‘பி’. மருமகள் தன்னிடம் மேலதிகமாக இருந்ததை அனுப்பியிருந்தாள். சட்டம் போட்டால் முழுதாகப் போடவேண்டும் என்று சொல்லி, இவரே அதைக் காரின் பின்புறத்தில் ஒட்டினார். ரொறன்ரோவில் அது என்னவென்று யாருக்குத் தெரியும்? கடைத்தொகுதியில் ஒரு பெடியன், “அன்ரி, பீட்சா டெலிவரியோ?” என்று கேட்டான். கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு அங்கிள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று நெடுநேரம் பார்த்தார். “பி எண்டா பிள்ளையாரோ, பிள்ளை?” ஓம் என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் போன கிழமை மருமகள் பேசும்போது, தற்செயலாக ஒன்று சொன்னாள். கிலோவாட்டா குதிரைவலுவா என்று மாமா அவளிடம் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையாம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் ரயிலில் இருந்தாளாம். அந்த வகுப்பு செவ்வாயில் மட்டும்தானாம். மெல்பேர்ணில் செவ்வாய் காலை என்றால் எங்களுக்குத் திங்கள் மாலை. இவரோ புதன்கிழமைதான் கேட்டதாகச் சொல்கிறார். நாள் வித்தியாசம் இதை விளக்காது. மெல்பேர்ண் எங்களுக்கு முந்திப் போகுமே தவிரப் பிந்தாது.

இவருடைய தொலைபேசியை எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஊர்க் கல்யாணங்களின் திகதிகளையே மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்க்கும் நான், இதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை. ஆகவே இது உறுதிப்படுத்தப்படாத தகவலாகவே இருக்கட்டும். ஒருவேளை மருமகள் சொல்வதுதான் சரியென்றால், என்னை வெல்லப் போதுமான ஒரு மௌனத்தை இரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டு சோற்றைக் குழைத்தபடி இருந்து, கடைசியில் அதை எனக்கே கொடுத்துவிட்ட மனிதர்தான், இப்போதும் அரிசி மூட்டையை மடியில் வைத்தபடி என் பக்கத்து இருக்கையில் வருகிறார்.