மிஸ்ஸியிடம் வாங்கிய வயது

என் தம்பிக்காக ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் பழந்துணி கேட்டு நின்ற குடும்பம் எங்களுடையது. வசதிக்குக் குறைவில்லை. வீட்டில் அத்தை இருந்தார், அதுதான் காரணம்.

தம்பி ஏழாம் மாதத்திலேயே பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவனுக்கு முந்திய குழந்தை ஏற்கெனவே தங்காமல் போயிருந்தது. அம்மா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. எங்களைப் பார்த்துக்கொள்ள உட்லண்ட்ஸிலிருந்து வந்த அத்தைக்கு டாக்டர்கள்மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் அவர்களை மட்டும் நம்பிச் சும்மா இருக்க மனமில்லை. நீண்ட ஆயுள் கண்டவர் உடுத்திய பழைய துணியைத்தான் பிள்ளைக்கு முதலில் போர்த்த வேண்டும், அந்த ஆயுள் பிள்ளைக்கும் ஒட்டும் என்பார். எங்கள் வம்சத்திலோ ஆண்கள் அறுபதைத் தாண்டியதில்லை. அப்பாவின் வேட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் மடித்து வைத்துவிட்டார்.

அப்போதுதான் மிஸ்ஸியின் ஞாபகம் வந்தது. புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டில் எங்கள் தளத்திலேயே, சில கதவுகள் தள்ளி, பணிப்பெண்ணோடு இருந்தவர். இளவயதில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் நர்ஸாக வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டவர். நர்ஸ்களை மிஸ்ஸி என்பது இங்கே பழக்கம்; அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நூற்றுப்பத்து வயது முடிந்திருந்தது. காலையில் காரிடாரில் நாற்காலி போட்டுக் கோப்பி குடிப்பார்.

அத்தை போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பழைய துணி கேட்டார். மிஸ்ஸி பதறிப்போனார். பச்சைப் பிள்ளைக்கு யாராவது பழசைக் கொடுப்பார்களா? மறுநாளே பணிப்பெண் புத்தம்புதுச் சட்டைகளோடு வந்து நின்றாள். அத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் போய்ப் பழசு கேட்டார். இந்த முறை புதுப் போர்வை வந்தது, கூடவே அரிசியும் பால்மாவும். நாங்கள் சோற்றுக்கே கஷ்டப்படுகிறோம் என்று அந்த நல்ல மனுஷி முடிவுகட்டிவிட்டார்.

“மானத்த வாங்குறீங்கக்கா,” என்றார் அப்பா.

“மானத்த அப்புறம் பாத்துக்கலாம் லா. மொதல்ல பிள்ள பொழைக்கட்டும்,” என்ற அத்தை, விளக்கிச் சொல்ல என்னை இழுத்துக்கொண்டு போனார்.

நான் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். தம்பியும் உங்களைப்போல் நூற்றுப்பத்து வயதுவரை இருக்க வேண்டும், அதற்குத்தான் துணி. மிஸ்ஸி சிரிப்பார் என்று பார்த்தால், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர், மகன், மகள், சிநேகிதிகள்; எல்லோரும் அவருக்கு முன்பே போய்விட்டவர்கள். பிறகு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த தன் பழைய பருத்திக் கவுனைக் கொண்டுவரச் சொன்னார். அதை மடியில் வைத்துக்கொண்டு, கையை எடுக்காமல், எண்பது போதும் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேக்கா மார்க்கெட்டில் அம்மா மீன் வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், விடுவேனா? நூற்றுப்பத்து என்றேன். எண்பத்தைந்து என்றார். நூறு என்றேன். ஒருவழியாகத் தொண்ணூறில் வந்து நின்றோம். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். அதுவரை நானும் உயிரோடு இருக்க வேண்டுமாம். அவனைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆளாவது வேண்டுமாம். சரியென்று தலையாட்டித் துணியை வாங்கிக்கொண்டேன்.

அத்தை அதை வெந்நீரில் அவித்து, வெயிலில் காயப்போட்டு, தம்பி வீட்டுக்கு வந்த அன்று போர்த்தினார். இன்று அவன் சோபா முழுவதையும் அடைத்துக்கொண்டு தூங்குகிற தடியன். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான்.

துணி கிடைத்த அன்று மாலை ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இருபது வருஷத்தப் பிடிச்சுக்கிட்டாங்கம்மா. சரியான கஞ்சம். நானும் கூடவே இருக்கணுமாம்.” அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். குறைந்துபோன இருபது வருஷத்துக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, நாளைக்குப் போய் இன்னும் ஐந்தாவது கேட்டு வாங்கி வருகிறேன் என்று அவரைத் தேற்றினேன்.